பிளாஸ்டிக் உறை போட்ட கம்ப்யூட்டர்கள்

8 ஜூன் 2007

கல்லூரி எங்களை ஏமாற்றியது. பி.எஸ்ஸி. கம்ப்யூட்டர் சயின்ஸ். ஆனால் கம்ப்யூட்டரைத் தொட்ட நாட்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். லேப் எப்போதும் பூட்டு. திறந்தாலும் செருப்பை வெளியே விட்டுவிட்டு, பிளாஸ்டிக் உறை போட்ட மெஷின்களைச் சாமி மாதிரி பார்த்துவிட்டு வர வேண்டியதுதான். புரோகிராமை ரெக்கார்ட் நோட்டில் அழகாக எழுதினால் மார்க். நேற்று சேலத்தில் இன்டர்வியூ. "இந்தப் புரோகிராமை ஓட்டிக் காட்டுங்க" என்றார்கள். தெரியவில்லை. முதல் வகுப்பில் பாஸான பட்டதாரி நான். த்தூ.

20 ஜூன்

மலையடிவாரத்தில், சேந்தமங்கலத்தில் நஜிமா அக்காவின் பிரவுசிங் சென்டருக்குப் போனேன். ஓர் ஆன்லைன் கோர்ஸ் தேடிக் கொடுத்தார். புரோகிராம் எழுதி அனுப்பினால், தப்பிருந்தால் திருப்பி அனுப்புவார்கள். முதலாவதே திரும்பி வந்துவிட்டது. தப்பு செய்யக்கூட இதுவரை யாரும் என்னை விட்டதில்லையே!

3 ஜூலை

மலைமேல் இருக்கிற எங்கள் ஊரிலிருந்து வளைவு வளைவாக இறங்கி வந்தால், சென்டரில் கரண்ட் இல்லை.

19 ஆகஸ்ட்

அப்பா கேட்டார்: "வேலைக்குன்னுதான படிச்சே சாமி? இப்ப மறுக்காவும் படிக்கிறியே, அந்தப் படிப்பு என்னாச்சு?" பதில் சொல்ல வேண்டியது நானா?

16 அக்டோபர்

கோர்ஸ் முடிந்தது. அதில் நான் எழுதியதைப் பார்த்து ஒரு பெங்களூர் கம்பெனி இன்டர்வியூ வைத்தது — நஜிமா அக்கா கடையில், ஹெட்போனில். கத்திவிட்டேன். எங்கள் மலையில் எதிர்ச் சரிவில் இருக்கிற ஆளைக் கூப்பிடவே அடிவயிற்றிலிருந்து குரல் கொடுக்கணும். பெங்களூர் என்றால்?

"தேனு, ஹெட்போன் எதுக்கு கண்ணு? நீ போடுற சத்தம் பெங்களூருக்கு நேராவே கேக்கும்" என்றார் நஜிமா அக்கா. கடையே சிரித்தது. ஹெட்போனில் பெங்களூர் ஆளும் சிரித்தார். கூசிப்போனேன். பிறகு அவர் தப்பான புரோகிராம் ஒன்றை மெயிலில் அனுப்பி, சரிசெய்யச் சொன்னார். திருத்தினேன். ஓட்டினேன். ஓடியது!

2 நவம்பர்

கிடைச்சிருச்சு! வேலை கிடைச்சிருச்சு! வாசலில் நின்று கத்தினேன். எதிர்ச் சரிவில் மிளகுக் கொடி கட்டிக்கொண்டிருந்த அப்பா திருப்பிக் கத்தினார். இங்கே யாரும் மெதுவாகப் பேசச் சொல்லவில்லை.

14 நவம்பர்

சர்டிபிகேட் வாங்கக் கல்லூரிக்குப் போனேன். வேலை கிடைத்ததைச் சொன்னதும் பிரின்சிபால் எழுந்து வந்தார். "நம்ம காலேஜ் உருவாக்கின பொண்ணு! வாசல்ல பேனர் வைக்கிறோம், ஒரு போட்டோ குடும்மா."

உருவாக்கினதாம்!

வராந்தாவில் கூடி நின்ற பிள்ளைகள் கையில் ரெக்கார்ட் நோட்டு. லேப் கதவில் அதே பூட்டு.

"போட்டோ தரேனுங்க சார். முதல்ல லேப்பைத் திறங்க. இப்பவே, இவங்க முன்னாடி. உறையை எல்லாம் எடுங்க. சாவி எங்கீங்க சார்?"

மலைக் குரலில்தான் கேட்டேன். வராந்தாவின் கடைசி வரை கேட்டிருக்கும்.

பிரின்சிபால் பியூனைக் கூப்பிட்டு எனக்கு டீ வாங்கிவரச் சொன்னார்.