பத்திஸ்தீனா நடக்காத தூரம்

மார்ச் 3, ஜெனோவா
மூன்றாம் அத்தியாயம் முடிந்தது! 1786இல் துறைமுகத்து மீன்காரி பத்திஸ்தீனா, மேட்டுத் தெருச் சீமாட்டி ஜெரோனிமாவின் வாசலுக்குத் தினமும் போய்த் திட்டியிருக்கிறாள். பழைய நீதிமன்ற வழக்குக் கட்டு ஒன்றில் இருக்கிறது. வரைபடத்தில் இரண்டு தெருவுக்கும் நடுவே அரை மணி நடை. திட்டுவதற்கா இவ்வளவு தூரம்? ஏழைகள் நடந்து நடந்தே நகரத்தைத் தமதாக்கிக்கொண்டார்கள் என்பது என் வாதம். என் முனைவர் பட்டமே இந்த நடையில்தான் நிற்கிறது. படிக்கப் படிக்க எனக்கே என்மேல் மரியாதை வருகிறது.

மார்ச் 4
என் ஆய்வு நெறியாளர் பேராசிரியை கெயிரோலோவுக்கும் பிடித்துவிட்டது. "மீன் கூடையோட அவ்வளவு மேடு ஏறினாளா? காலா அது!"

மார்ச் 9
ஈரத் துணியை ஜன்னலுக்கு வெளியே கொடியில் போட்டு ஜன்னலைச் சாத்துவதற்குள் கதவை இடித்தார்கள். கீழ்வீட்டுப் பல் மருத்துவர் ஒத்தாவியோ. கையில் ஊறிப்போன ஃபொக்காச்சா ரொட்டி.

"இலாரியா, இதைக் காபியில நனைச்சுத்தான் தின்பேன். உன் சட்டைத் தண்ணியில இல்ல!"

மன்னிப்புக் கேட்டுக் குனிந்தால், அவர் காலில் வீட்டுச் செருப்பு.

என் வாசல் மேல்தெருவில். அவர் வீட்டுக்குத் தெருவாசல் ஏழு மாடிக்கு அடியில், கீழ்த்தெருவில். விலாசமே வேறு. தெருவழியாகச் சுற்றினால் கால் மணி. உள்ளே படியேறி வந்தால் —

ஐயோ. ஐயையோ.

மார்ச் 10
வழக்கில் உள்ள இரண்டு விலாசத்துக்கும் போய்ப் பார்த்தேன். சரிவில் ஒட்டிக்கொண்டு ஒரே கட்டடம். அடியில் மீன்காரி வாசல், உச்சியில் சீமாட்டி வாசல், நடுவில் படிக்கட்டு. அடுப்பில் வைத்தது தீய்வதற்குள் திட்டிவிட்டு இறங்கியிருப்பாள். நான் இந்த ஊரிலேயே பிறந்தவள். ஆவணக் காப்பகத்தில் உட்கார்ந்ததும் ஊரையே தட்டையாக்கிவிட்டேன். வெட்கமாக இருக்கிறது. தேர்வுக் குழு வெளியூர்தானே, யாருக்குத் தெரியப்போகுது? மறைச்சுட்டா என்ன?

மார்ச் 11
சொல்லிவிட்டேன். கெயிரோலோ நெற்றியில் அடித்துக்கொண்டார். பிறகு, "நானும் ஜெனோவாக்காரிதான்டி. ரெண்டு பேருமா கோட்டை விட்டோம்?" என்றார். அத்தியாயம் குப்பையில். புது வாதம்: தூரம் இல்லாததால்தான் இத்தனை பகை.

ஜூன் 14
வாய்மொழித் தேர்வு. குழுவில் இருந்த மிலான் பேராசிரியர் நம்பவில்லை. "பணக்காரிக்கும் மீன்காரிக்கும் ஒரே படிக்கட்டா? அதெப்படிம்மா?"

குழுவையே அந்தக் கட்டடத்துக்கு அழைத்துப்போனேன். மூன்றாம் மாடியில் அவர் மூச்சு வாங்க நின்றபோது ஒரு கதவு திறந்து ஒருத்தி எட்டிப் பார்த்தாள்.

"யாரது, படியில குதிரை ஓட்டுறது? மேல்வீட்டுக் கும்பலா?"

"எங்களைச் சொன்னே, நாக்கை அறுத்துடுவேன்!" என்று உச்சி வீட்டுக்காரியிடமிருந்து பதில்.

இவள் ஏறினாள், அவள் இறங்கினாள். நடுவில் மிலான்காரர். சுவரோடு ஒட்டிக்கொண்டு, "போதும்மா, நம்புறேன், நம்புறேன்" என்றார்.

அங்கேயே கைகுலுக்கி என்னை டாக்டர் என்றார்கள். சண்டை ஓயாததால் கொஞ்சம் கத்தித்தான் சொல்ல வேண்டியிருந்தது.