மஞ்சளை விட்டுவிடு

அன்புள்ள அம்மாவுக்கு,

வெள்ளிமலை ஆஸ்பத்திரி டாக்டரம்மாவிடம் உன் முகத்தைப் பற்றிக் கேட்டேன். மாதவிலக்கு நிற்கும் வயதில் தோல் வறண்டு எரிவது பலருக்கும் உள்ளதுதானாம். சோப்பு வேண்டாம். வெறும் தண்ணீரில் கழுவி, ஈரம் காய்வதற்குள் தேங்காய் எண்ணெய் தடவு. வெயிலில் களை எடுக்கும்போது முந்தானையை முகத்தின்மேல் இழுத்துவிட்டுக்கொள்.

மஞ்சளையும் விடச் சொன்னார். கல்லில் உரைத்து அழுத்தித் தேய்ப்பதால்தான் இவ்வளவு எரிச்சலாம்.

இதையே தீபாவளிக்கு வந்தபோது நான் சொன்னேன். நீ சீறினாய். "தாலி கட்டனவன் உசுரோட இருக்கறப்ப மஞ்சள வுடச் சொல்றியே, காலேஜில இதாண்டி சொல்லிக் குடுத்தாங்க? மூஞ்சி கருத்துப்போச்சின்னுதான் ஒங்கப்பா வூட்டுக்கே வர்றதில்ல."

நேற்று சங்கராபுரம் பஸ் நிலையத்தில் அப்பாவைப் பார்த்தேன். நன்றாகத்தான் இருக்கிறார். அவர் தோளில் ஒரு குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. "யாருப்பா இது?" என்று நான் கேட்கவில்லை. "அம்மா எப்டி இருக்குது?" என்று அவரும் கேட்கவில்லை. பஸ் வந்ததும் அவர் பக்கத்தில் நின்ற ஒருத்தி குழந்தையை வாங்கிக்கொண்டாள்.

அவள் உன்னைவிடக் கறுப்பு, அம்மா.

எண்ணெயை மட்டும் மறக்காமல் தடவு.

உன் மகள்