அழுகை நின்ற நேரம்

மாமு, இன்று காலை மணலி ஆலைகள் பக்கமிருந்து காற்று திரும்பியது. அழுகிய முட்டை வாடை எர்ணாவூர் முழுக்கப் பரவ, தெருவில் ஜன்னல்களைப் படபடவென்று சாத்தினார்கள். எனக்கோ வாசலில் உன் ஷேர் ஆட்டோ உறுமிக்கொண்டு நிற்பதுபோலவே இருந்தது. நீ போய்ச் சேர்ந்து இத்தனை வருடமாகியும், பாழாய்ப்போன இந்த வாடை உன்னைக் கூட்டிக்கொண்டு வந்துவிடுகிறது.

உனக்குத் தெரியாததா? கேஸ் வாடை அடித்தால் நம் தெருவில் ஒரு குழந்தை பாக்கியில்லாமல் அழும். கண் எரியும், தொண்டை கமறும், பாவம், அதுகள் என்ன செய்யும்? வாசலில் ஈரத்துணி கட்டுவோம். முகத்தை ஈரத்துண்டால் துடைப்போம். காற்று திரும்பினால் அழுகை அடங்கும். இதற்கெல்லாம் டாக்டரிடம் ஓடியவர் யாருமில்லை. அதனால்தான் அந்த மத்தியானம் என் மகள் வீறிட்டு அழுதபோது நானும் என் பெண்டாட்டி கஸ்தூரியும் ஈரத்துணியைத் தேடினோம். பிள்ளை அப்போதுதான் உட்காரப் பழகியிருந்தாள்.

என்னை கன்டெய்னர் யார்டு வேலைக்கு ஏற்றிக்கொண்டு போக வந்த நீ வாசலிலேயே நின்றாய்.

“இன்னா நைனா, பாப்பா இப்டி கத்துது?”

“கேஸ் வாடைண்ணா. தெரு பூரா கொயந்தைங்க அழுதுகினுதான் கீது” என்றாள் கஸ்தூரி.

நீ செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்து பாய்ப்பக்கம் குந்தினாய். பிள்ளை கால்களை வயிற்றோடு மடக்கிக்கொண்டு கத்தினாள். பிறகு சட்டென்று நிறுத்திவிட்டாள். எனக்கு உயிர் வந்தது. தூங்கிவிட்டாள் என்று கஸ்தூரி துண்டை மடித்தாள்.

“தூங்குதா? மூஞ்சப் பாரு, வெளுத்துப்போய் கீது. கை தொவண்டு கீது. கூப்டு பாப்போம்” என்றாய் நீ.

கூப்பிட்டேன். திரும்பவில்லை. கொஞ்ச நேரத்தில் மறுபடி அதே வீறல், அதே கால் மடக்கல். பச்சையாகக் கக்கினாள்.

“வாடை இன்னும் அடிச்சிகினுதானே கீது. அப்போ அழுகை மட்டும் ஏன் வுட்டு வுட்டு வருது? இது வாடைக்கு அழற அழுகை இல்ல நைனா. ஏறு வண்டில.”

துணி மாற்றப்போன கஸ்தூரி “ஐயோ” என்று அலறினாள். துணியில் ரத்தம், ஜெல்லிபோலக் கொழகொழவென்று.

ஆட்டோவிலிருந்த சவாரிகளை நடுரோட்டில் இறக்கிவிட்டாய். மீன்கூடையோடு இறங்கிய ஒரு அம்மா உன் பரம்பரையையே திட்டினாள். டோல்கேட்டில் கன்டெய்னர் லாரிகள் வழிமறித்து நின்றன. என் மடியில் பிள்ளை சத்தமில்லாமல் கிடந்தாள். நீ ஹாரனிலிருந்து கையை எடுக்காமல், “கத்துடா கண்ணு, கத்து” என்று கெஞ்சிக்கொண்டே ஓட்டினாய். ஒரு பிள்ளையை அழச்சொல்லிக் கெஞ்சிய ஆளை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

குடலுக்குள் குடல் சொருகிக்கொண்டது என்றார் டாக்டர். இன்னும் தாமதித்திருந்தால் பிழைத்திருக்க மாட்டாள் என்றும் சொன்னார். ஆபரேஷன் முடிந்து அவள் ஈனஸ்வரத்தில் அழுத சத்தம் கேட்டதும் உன்னைத் தேடி ஓடினேன். நீ உள்ளே வரவே இல்லை. ஆட்டோவின் பின்சீட்டில் உட்கார்ந்திருந்தாய். பிழைத்துவிட்டாள் என்றேன். தலையாட்டினாய். பிறகு என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாய்:

“சடையங்குப்பத்துல இருந்தப்போ எனக்கும் ஒரு பொண்ணு நைனா. வாடைன்னுதான் நெனச்சோம். அழுது அழுது நிறுத்துச்சு. தூங்கிடுச்சுன்னு நானும் எம் பொஞ்சாதியும் குந்திகினு சோறு துன்னோம்.”

அவ்வளவுதான். அதற்குப் பிறகு எத்தனை வருடம் உன் வண்டியில் வந்திருப்பேன்! நீ அதைப்பற்றி வாய் திறக்கவில்லை. அந்தப் பிள்ளையின் பெயரைக் கேட்க எனக்கும் வாய் வரவில்லை. நீயும் போய்விட்டாய், இனி யாரிடம் கேட்பேன்?

நீ காப்பாற்றியவள் இப்போது ஒரு பிள்ளைக்குத் தாய், மாமு. பேரன் பொல்லாத அழுகைக்காரன். அவன் அழுது ஓய்ந்தால் வீட்டில் எல்லோரும் நிம்மதியாகத் தட்டெடுத்துப்போட்டு உட்காருவார்கள். நான் மட்டும் எழுந்து தொட்டிலுக்குப் போவேன். முகத்தைப் பார்ப்பேன், கையைத் தூக்கிப் பார்ப்பேன், பெயர் சொல்லிக் கூப்பிடுவேன்.

“தூங்குற புள்ளைய ஏன்பா எழுப்புற, உனக்கு வேற வேலையே இல்லியா?” என்று மகள் எரிந்து விழுகிறாள். விழட்டும். அவன் கண் திறந்து என்னைப் பார்க்கிறவரை எனக்குச் சோறு இறங்காது.