ரெக்சின் வைக்காத இரண்டு பட்டன்கள்

அக்டோபர் 19, சனி

காலையிலிருந்து மழை. மூன்று ஜாக்கெட் முடித்தேன், கொக்கி கட்டவில்லை.

எங்கள் சர்ச் ஆண்கள் ஐக்கிய சங்கத்து ஆட்கள் குடையோடு வந்தார்கள். அறுப்பின் பண்டிகைக்கு நாடகமாம். தாவீதும் கோலியாத்தும். சின்னப் பையன் கவண்கல்லால் ராட்சசனைச் சாய்க்கிற கதை. கோலியாத்துக்குக் கவசம் நான் செய்ய வேண்டுமாம்.

"வாடகைக்கு எடுத்தா என்ன?"

"ஞானதுரை சைசுக்கு எவன் வாடகைக்கு வச்சிருக்கான்?" என்றார்கள். அதுவும் நியாயம்தான். என் வீட்டுக்காரருக்குச் சித்தப்பா மகன், எனக்குக் கொழுந்தன். நூறு கிலோ சமையல் மாஸ்டர். பிரியாணி அண்டாவும் அவரும் பக்கத்தில் பக்கத்தில் நின்றால் எது அண்டா என்று நான் கேட்காத கல்யாணம் கிடையாது.

தாவீது யாராம்? கண்டக்டராக இருந்து ரிட்டயர் ஆன அய்யாத்துரை சித்தப்பா. அஞ்சடிகூட இல்லை. நினைக்க நினைக்கச் சிரிப்பு. ஊசி விரலில் ஏறிவிட்டது.

அக்டோபர் 22, செவ்வாய்

அளவெடுக்க வரச் சொன்னால் ஞானதுரை வரவில்லை. அவர் பெண்சாதி எப்சிபா கையில் பழைய வெள்ளைச் சட்டையைக் கொடுத்துவிட்டிருக்கிறார். "இதை வச்சே வெட்டிக்கிருவீகளாம்க்கா."

ஊரே அளவு ஜாக்கெட் கொடுத்துத்தான் தைக்கிறது, இவர் அளவுச் சட்டை கொடுத்தால் என்ன. ஆனாலும் விடுவேனா? போன் போட்டேன்.

"ஏன் கொழுந்தனாரே, நாடா பத்தாதுன்னு பயமா? ரெண்டு நாடாவை முடிஞ்சு வச்சிருக்கேன், வாங்க."

"ஒனக்கு வாய்க்கொழுப்பு மதினி" என்றார். சிரித்தார். சின்னச் சிரிப்பாக இருந்தது. ஆடி, ஆவணி இரண்டு மாசமும் கால்வலி வைத்தியம் என்று மதுரையில் அக்கா வீட்டில் கிடந்துவிட்டு வந்ததிலிருந்து மனுசன் தாடியும் தொளதொள சட்டையுமாகத்தான் இருக்கிறார்.

அக்டோபர் 26, சனி

முன் தட்டு, பின் தட்டு வெட்டி ஒட்டியாயிற்று. பழைய ஃபோம் பாய் இரண்டு. பித்தளைக் கலர் அடித்து வெயிலுக்குக் காத்திருக்கிறேன். வெயில் வந்தால்தானே.

இடுப்புப் பெல்ட்தான் தொல்லை. சிவப்புத் துணியில் நாலு இஞ்ச் அகலம். அதுதான் முன் தட்டையும் பின் தட்டையும் சேர்த்துப் பிடிக்க வேண்டும். பசை போட்டேன், காய்ந்ததும் உரிந்தது. ஊசியால் தைத்தேன். வாழைத்தண்டை நூல் போட்டு அறுக்கிற மாதிரி ஃபோமை அறுத்துக்கொண்டு வந்துவிட்டது.

நவம்பர் 2, சனி

கம்பம் போனேன். எஸ்டேட் ஜீப்புக்கெல்லாம் படுதாவும் சீட்டும் தைக்கிற ஷானவாஸ் கடை. கவசத்தைக் காட்டினதும், "யாருக்குக்கா, யானைக்கா?" என்று கேட்டார். எனக்கு அவரை அப்போதே பிடித்துவிட்டது.

பிரஸ் பட்டன்தான் சரியாம், ஜீப் படுதாவில் இருக்குமே, அது. குழிப் பாதி பெல்ட்டில், மொட்டுப் பாதி ஃபோமில். சுத்தியலும் அடிக்கிற உளியும் கொடுத்துவிட்டார், ஒரு வாரத்தில் திருப்பித் தர வேண்டும். ஒன்றுக்கு மூன்று தரம் சொன்னார்: "ஃபோம்ல வெறுமனே அடிச்சிராதீகக்கா. உள்பக்கம் ஒரு ரூவா அகலத்துக்கு ரெக்சின் துண்டு வச்சு அடிங்க. இல்லாட்டி நிக்கும்போது பிடிக்கும். குனிஞ்சா நிமிந்தா பிச்சிக்கிரும்."

கேட்டுக்கொண்டேன். நன்றாகத்தான் கேட்டுக்கொண்டேன்.

நவம்பர் 6, புதன்

எட்டுப் பட்டனும் அடித்துவிட்டேன். பின்னால் நாலு, விலாவில் ரெண்டு, முன் வயிற்றில் ரெண்டு. டப் டப்பென்று என்ன அழகாகப் பூட்டுகிறது! நானே ஒரு தரம் மாட்டிக்கொண்டு அடுப்படிக்குப் போனேன். என் வீட்டுக்காரர் கையில் இருந்த காபியைக் கொட்டிவிட்டார்.

ஆறுக்கு ரெக்சின் வைத்தேன். முன் வயிற்று ரெண்டுக்கும் வைக்கவில்லை. அளவுச் சட்டைக்கு ரெண்டு இஞ்ச் குறைத்தே பெல்ட்டை வெட்டியிருக்கிறேன். கல்லடி பட்டு கோலியாத்து விழ வேண்டும் அல்லவா? விழுகிறபோது படாரென்று வாய் பிளந்து தொப்பை வெளியே வரும். கோயிலே சிரிக்கும். அவரும்தான் சிரிப்பார், மதினி வேலையா இதுன்னு.

நவம்பர் 9, சனி

போட்டுப் பார்க்க வரவில்லை. வீட்டிலேயே போட்டுப் பார்த்தாராம், கச்சிதமாம். சரி, நாளைக்குத் தெரியும்.

நவம்பர் 10, ஞாயிறு

பண்டிகை. எழுதப் பிடிக்கவில்லை.

நவம்பர் 11, திங்கள்

எழுதிவிடுகிறேன். எழுதாவிட்டால் நாளைக்கு வேறு மாதிரி நடந்ததாக எனக்கு நானே சொல்லிக்கொள்வேன்.

நாடகம் நன்றாகத்தான் போனது. அய்யாத்துரை சித்தப்பா கம்பளியைத் தோளில் போட்டுக்கொண்டு கவணைச் சுற்றினார். காகித உருண்டை போய் பாடகர் குழு பக்கம் விழுந்தது. இருந்தாலும் ஞானதுரை நெற்றியைப் பிடித்துக்கொண்டு தள்ளாடி, மல்லாக்க விழுந்தார். படார். ரெண்டு பட்டனும் போச்சு. கவசம் வாயைப் பிளந்தது.

தொப்பை வரவில்லை. துண்டு வந்தது. தேங்காய்ப்பூத் துண்டு ஒன்று, இன்னொன்று, பிறகு எப்சிபாவின் பழைய சேலை ஒன்று, சுருள் சுருளாக. கோயில் முழுக்கச் சிரிப்பு. நான் பெஞ்சு மேலே ஏறிவிட்டேன். ஆத்தாடி, கோலியாத்துக்குள்ள சவுளிக்கடையே இருக்குன்னு கத்தினேன். அந்தச் சத்தத்திலும் கத்தினேன்.

பனியன் மேலே சுருண்டு கிடந்தது. விலா எலும்பு. ஒவ்வொன்றாக எண்ணலாம். வயிறு முதுகோடு ஒட்டிக் கிடந்தது.

அவர் எழுந்திருக்கவில்லை. செத்தவன் வேஷம் அல்லவா? தாவீது வந்து தலையை வெட்டுகிற வரைக்கும் அசையக் கூடாது. கண்ணை மூடிக்கொண்டு, கையை விரித்தபடி, அத்தனை பேர் முன்னாலும் அப்படியே கிடந்தார். முன் வரிசையில் சிரிப்பு நின்றது. பிறகு அதற்குப் பின் வரிசை. அய்யாத்துரை சித்தப்பா அட்டை வாளைக் கீழே போட்டுவிட்டு, கம்பளியை எடுத்து அவரை மூடினார்.

நான்தான் கடைசியாக நிறுத்தினேன்.

நவம்பர் 13, புதன்

அவர் வீட்டுக்குப் போனேன். அவரே சிரமப்பட்டு எழுந்து வந்தார். நான் வாயைத் திறக்குமுன் அவர்: "மன்னிச்சிரு மதினி. மெனக்கெட்டு செஞ்ச. நான்தான் துணியைக் கூடத் திணிச்சுட்டேன். பட்டன் பாவம், என்ன பண்ணும்?"

என்கிட்ட! என்கிட்ட மன்னிப்பு கேக்குறாரு. நான் என்ன சொன்னேன்? "பரவால்ல விடுங்க"ன்னு சொன்னேன். பரவால்லையாம். நாக்கு அழுகிப் போகாதா?

அடுப்படியில் வைத்து எப்சிபா சொன்னாள். டி.பி. ஆனியிலேயே கண்டுபிடித்தது. ஆறு மாச மாத்திரை, இது ஐந்தாவது மாசம். மதுரைக்குப் போனது கால்வலிக்கு இல்லை. இனி யாருக்கும் ஒட்டாது என்று டாக்டர் சொன்ன பிறகுதான் கரண்டியையே தொட்டாராம். "சமையக்காரனுக்கு டி.பி.ன்னா எவுகக்கா எலையில ஒக்காருவாக? அதான் சட்டைக்குள்ள துண்டைச் சுத்திக்கிட்டே திரிஞ்சாரு. இப்ப ஊருக்கே தெரிஞ்சு போச்சு. ஓடைப்பட்டிக் கல்யாணத்துக்கு வேற மாஸ்டர் பாத்துட்டாகளாம்."

அளவுச் சட்டை எதற்கு வந்தது என்று இப்போது புரிகிறது. நூறு கிலோ இருந்தபோது போட்ட சட்டை.

நவம்பர் 17, ஞாயிறு

கோயிலுக்கு வெளியே பெண்கள் பேசிக்கொண்டார்கள். "சுகிர்தம் என்ன பண்ணுவா, அம்புட்டுத் துணியத் திணிச்சா எந்தப் பட்டன் தாங்கும்?" எனக்காகப் பேசுகிறார்களாம். தலையை ஆட்டிவிட்டு வந்தேன். மரம் மாதிரி.

நவம்பர் 19, செவ்வாய்

என் வீட்டுக்காரர்: "என்னடி, ஒரு வாரமா ஒரு கேலியக் காணோம். வீடு எழவு வீடு மாதிரி இருக்கு."

நவம்பர் 21, வியாழன்

சொல்லிவிட்டேன். கவசத்தையும் எடுத்துக்கொண்டு போனேன். உள்பக்கத்தைத் திருப்பிக் காட்டினேன். ஆறு இடத்தில் ரெக்சின், ரெண்டு இடத்தில் ஓட்டை.

"இது துணியால பிய்யல கொழுந்தனாரே. நான் வேணும்னே வைக்கல. பெல்ட்டையும் குறைச்சு வெட்டுனேன். ஒங்க வயித்தைக் காட்டி ஊரைச் சிரிக்க வைக்கணும்னு."

ஓட்டையில் விரலை விட்டுப் பார்த்தார். ஏதாவது திட்டுவார், ஏய், நாயே என்பார் என்று நின்றேன்.

"கண்ணை மூடித்தான் கெடந்தேன் மதினி. எல்லாச் சத்தமும் அடங்கிருச்சு. அப்பவும் ஒரு சத்தம் மட்டும் கேட்டுச்சு. ஒன் சத்தம்தான்னு தெரியும். சரி, தெரியாமச் சிரிக்கிற போலன்னு நெனச்சேன்."

கவசத்தை என் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

டிசம்பர் 1, ஞாயிறு

கோயிலில் என் பெஞ்சுக்கு நேர் பின்னால்தான் எப்போதும் உட்காருவார். இன்று அந்தப் பக்க வரிசைக்குப் போய்விட்டார்.

டிசம்பர் 4, புதன்

ஷானவாஸிடம் சுத்தியலையும் உளியையும் இன்றுதான் திருப்பிக் கொடுத்தேன். மூன்று வாரத்துக்கு மேல் தாமதம். "பட்டன் நல்லா நின்னுச்சாக்கா?" என்றார். "நீங்க சொன்னபடி வச்சதெல்லாம் நின்னுச்சு தம்பி" என்றேன்.

டிசம்பர் 14, சனி

பெண்கள் சங்கத்தில் கிறிஸ்துமஸ் சாப்பாட்டுப் பேச்சு. நூற்றைம்பது பேர். வருசா வருசம் ஞானதுரைதான். இந்த வருசம் யாரும் அந்தப் பேரை எடுக்கவில்லை. கம்பத்தில் ஒரு கேட்டரிங் இருக்கிறதாம் என்று ஆரம்பித்தார்கள்.

எழுந்துவிட்டேன். அஞ்சாப்பு படித்தவள், எனக்குக் கேலி பேச வரும், கூட்டத்தில் பேச வருமா?

"அன்னைக்குப் பட்டன் பிஞ்சது அவரு துணி திணிச்சதால இல்ல. நான் வேணும்னே லூசா அடிச்சது. விளையாட்டுக்கு. அந்த மனுசன் மறைச்சு வச்சதை நான்தான் அவுத்துவிட்டேன். டாக்டர் ஒட்டாதுன்னு சொன்ன பெறகுதான் அவரு கரண்டியத் தொட்டாரு. நம்பாட்டிப் போங்க. மொத எலை என் எலை."

எல்லாரும் என்னைத்தான் பார்த்தார்கள். அந்தப் பார்வை இன்னும் முதுகில் இருக்கிறது. பாஸ்டர் வீட்டு ஐயரம்மாதான் கடைசியில், "ரெண்டாவது எலை எனக்கு" என்றார்கள். மூன்றாவதுக்குக் கொஞ்ச நேரம் ஆனது.

டிசம்பர் 18, புதன்

ஜாக்கெட் தைத்துக்கொண்டிருந்தேன். வாசலில் நிழல். ஞானதுரை. கக்கத்தில் ஆறு சட்டை. தாடி இல்லை. உள்ளே துண்டும் இல்லை, பார்த்ததும் தெரிந்தது.

"இருபத்தஞ்சாந்தேதி அடுப்புக்கு முன்னால நிக்கணும். தொளதொளன்னு இருந்தா தீப்பிடிச்சிரும். எல்லாத்தையும் பிடிச்சுக் குடு."

அளவுச் சட்டை எது என்று கேட்க வாய் வந்துவிட்டது. முழுங்கினேன். அவரே கையை ரெண்டு பக்கமும் தூக்கிக்கொண்டு நின்றார்.

நாடாவைச் சுற்றினேன். ஒரு சுற்று வந்து இன்னும் மீதி கிடந்தது. மார்பு முப்பத்தாறு. வயிறு முப்பத்தி மூணு. எழுதிக்கொண்டேன். கடைசி மூணு எட்டு மாதிரி விழுந்துவிட்டது, அடித்துத் திரும்ப எழுதினேன்.

"என்ன மதினி, ஒண்ணும் சொல்லலையா?"

"இல்ல."

"நல்லது" என்றார். போய்விட்டார். சிரித்தாரா என்று நான் நிமிர்ந்து பார்க்கவில்லை.

ஆறு சட்டையும் முடித்துவிட்டேன். ஓரத்துத் துணியை வெட்டவில்லை. ரெண்டு பக்கமும் ரெண்டு ரெண்டு இஞ்ச் உள்ளேயே மடித்து வைத்துத் தைத்திருக்கிறேன். உடம்பு தேறினால் பிரித்து விட்டுக்கொள்ளலாம்.