அன்பு வாரத்தில் ஒரு சைக்கிள்

ஓசூர்
4-3-1956

சௌபாக்கியவதி முனிலட்சுமிக்கு,

உன் புருஷன் திம்மராயன் எழுதுவது. சுகம் என்று எழுதினால் கோபிப்பாய். சுகமில்லை என்று எழுதினால் சிரிப்பாய். ஆகவே, இருக்கிறேன்.

தளிக்குப் போய் அம்மாவைப் பார்த்துவிட்டு இரண்டு நாளில் வருகிறேன் என்று போனவள், மாசம் திரும்பியும் வரவில்லை. எதிர்வீட்டுப் பாப்பம்மா உன்னைப் பற்றித் தெலுங்கில் விசாரித்தாள், கன்னடத்தில் சிரித்தாள், தமிழில் ஊரெல்லாம் சொல்லிவிட்டாள்.

உன் கோபம் எனக்குத் தெரியாதா? ‘சந்தைக்கூடை’ பத்திரிகைக்காரர் வாரம் ஒரு பொருள் சொல்லி, அதிலேயே கவிதை, கதை, கட்டுரை கேட்கிறார். புளி வாரம் என்றார். நானும் சும்மா இராமல், "என் மனைவி வைத்த குழம்பில் மிச்சத்தை ஊற்றிச் சொம்பு துலக்கினோம், தங்கமாய் மின்னியது" என்று எழுதித் தொலைத்தேன். அன்றிலிருந்தே உன் முகம் சரியில்லை. இப்போது நானே குழம்பு வைக்கிறேன். சொம்பு கறுத்துவிட்டது. போதுமா?

டீக்கடையில் ஓசூர் சேரப்போவது மெட்ராஸ் ராஜ்யத்தோடா மைசூர் ராஜ்யத்தோடா என்று ஒரே சண்டை. "நீங்க என்ன சொல்றீங்க?" என்றார் கிருஷ்ணப்பன். "என் வீட்டுக்காரி ஓசூரா தளியான்னே இன்னும் தீர்ப்பாகலை, போய்யா" என்றேன். நீயாவது தீர்ப்புச் சொல்லு.

இப்படிக்கு,
குழம்பிழந்த திம்மராயன்

*

தளி
9-3-1956

வீட்டுக்காரருக்கு நமஸ்காரம்.

உறைமேல் உங்கள் பேரைத் தம்பி எழுதினான். நான் எழுதமாட்டேன் என்று தெரியுமே. இங்கே இன்னும் குளிர் விடவில்லை. அம்மாவுக்கு முட்டிவலி தேவலை. முட்டைக்கோஸ் நன்றாக வந்திருக்கிறது.

புளி வாரத்துக்கு யார் கோபித்தது? விழுந்து விழுந்து சிரித்தேன். நிஜமாகவே குழம்பை ஊற்றிச் சொம்பு துலக்கியும் பார்த்தேன். மாமியார் வாரத்தில் எங்கம்மாவை எழுதினீர்கள். அம்மாவே கேட்டுச் சிரித்தாள். குறட்டை வாரத்தில் என் குறட்டை என்று எழுதினீர்கள். குறட்டை உங்களுடையது. அதையும் பொறுத்தேன்.

அப்புறம் அன்பு வாரம் வந்தது. அடுப்பை அணைத்து, கையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். இந்த வாரமும் நான்தானே என்று பிரித்தால், சைக்கிள்! "என் பாரமெல்லாம் சுமப்பவள், மேட்டில் மட்டும் முனகுபவள்." புளிக்கு நான், குறட்டைக்கு நான், அன்புக்குச் சைக்கிளா? பாப்பம்மா வேறு, "அக்கா, உனக்கு ஒரு சக்களத்தி இருக்கா, ரெண்டு சக்கரத்தோட" என்றாள். அன்றைக்கே பஸ் ஏறினேன்.

பிழை இருந்தால் என்னைச் சொல்லாதீர்கள். எனக்குத் தமிழ் எழுத்து உங்கள் பத்திரிகையைப் பார்த்துத்தான் வந்தது.

முனிலட்சுமி

*

ஓசூர்
14-3-1956

முனிலட்சுமிக்கு,

உன் கடிதத்தை டீக்கடையில் வைத்துப் பிரித்தது என் முட்டாள்தனம். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஊர்ல யாருக்காவது ஏதாவது ஆயிடுச்சா?" என்று கிருஷ்ணப்பன் எழுந்தே வந்துவிட்டார்.

அன்பு வாரத்துக்கு முதலில் உன்னைத்தான் எழுதினேன். எனக்கு டைபாய்டு வந்தபோது பக்கத்தில் உட்கார்ந்து, அதுவரை வாசித்தறியாத தமிழை எழுத்துக்கூட்டி, என் கட்டுரையை எனக்கே நீ படித்துக் காட்டினாயே, அதைத்தான். சிரிப்பு வரவேண்டிய இடத்திலெல்லாம் நீ தடுமாறினாய். நான் அங்கேதான் பிழைத்தேன். இதில் எங்கே போய் நையாண்டி பண்ணுவது? எழுதியதைப் படித்துப் பார்த்து, துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். ஊர் படித்தால் திம்மராயன் அழுமூஞ்சி என்று தெரிந்துபோகுமே என்று பயந்து, கிழித்து அடுப்பில் போட்டேன். வாசலில் சைக்கிள் நின்றது. அதற்குப் படிக்கத் தெரியாது என்கிற தைரியத்தில் அதை எழுதினேன்.

அடுத்தது வீடு வாரமாம். கிருஷ்ணகிரியிலிருந்து பத்திரிகை ஆசிரியர் சென்னப்பன் கார்டுமேல் கார்டு போடுகிறார். வீட்டைப் பற்றி இப்போது என்னத்தை எழுத? என் பக்கத்தை வேறு யாருக்காவது கொடுத்துவிடும் என்று சொல்லிவிட்டேன்.

நீ வருவதில்லை என்றால் அதையும் எழுதிவிடு. டீக்கடையில் பிரிக்க மாட்டேன்.

திம்மராயன்

*

தளி
26-3-1956

வீட்டுக்காரருக்கு நமஸ்காரம்.

உங்கள் கடிதத்தைத் தம்பி கேட்டான். காட்டவில்லை. அவன் முறுக்கிக்கொண்டு விலாசம் எழுதமாட்டேன் என்றுவிட்டான். அதனால் உறைமேல் உங்கள் பேரை நானே எழுதியிருக்கிறேன். பாப்பம்மாவிடம் சொல்லிவிடாதீர்கள்.

கிழித்ததை அடுப்பு மட்டும் படித்திருக்கிறது. இனி எனக்கு அடுப்பின்மேலும் பொறாமை.

உங்கள் பக்கத்தை ஆசிரியர் யாருக்குக் கொடுத்தார் தெரியுமா? எனக்குத்தான். வீடு வாரம் என்று தெரிந்ததும் ஒரு கட்டுரை எழுதிப் போட்டேன். குறட்டை யாருடையது என்று அதில் ஊருக்கே விளக்கமாகச் சொல்லியிருக்கிறேன். கோபித்துக்கொண்டு நீங்கள் உங்கள் அம்மா வீட்டுக்குப் போய்விடாதீர்கள்.

பேருக்குக் கீழே எந்த ஊர் போடுவது, தளியா ஓசூரா என்று ஆசிரியர் கேட்டிருந்தார். ஓசூர் என்று எழுதிவிட்டேன். அச்சில் வந்தபிறகு பத்திரிகையைப் பொய்யாக்கக் கூடாதல்லவா?

வெள்ளிக்கிழமை மத்தியான பஸ்ஸில் வருகிறேன். முட்டைக்கோஸ் மூட்டை இருக்கிறது. பஸ் நிற்கிற இடத்துக்கு வந்துவிடுங்கள். நடந்தே வாருங்கள்.

அந்தச் சக்களத்தி வீட்டிலேயே இருக்கட்டும்.

முனிலட்சுமி,
ஓசூர்