மஞ்சள் நூல் கட்டிய ஆணி

நெல்லிவாசல்நாடு,
மார்கழி 6

அன்புள்ள நிவேதாவுக்கு,

வசந்தி அக்கா எழுதுகிறேன். இங்கே பனியைத் தவிர வேறு குறையில்லை. கண்காட்சிக்காகப் போயிருக்கும் கொச்சியில் கடல் காற்று உனக்கு ஒத்துக்கொள்கிறதா? நேரத்துக்குச் சாப்பிடு. வேலையில் உட்கார்ந்தால் உனக்குப் பசியே தெரியாது என்பதை நீ இங்கே இருந்த நாலு நாளில் பார்த்தவள் நான்.

உனக்கு ஒரு சேதி இருக்கிறது. ஆனால் உடனே சொல்லமாட்டேன். என்னை எத்தனை நாள் பயத்தில் வைத்திருந்தாய், நீயும் கொஞ்சம் காத்திரு. மேலும், பாதிக் கதை உனக்குத் தெரியும். என் பக்கத்துப் பாதியை நீ கேட்டதில்லை.

அந்தப் புளியமரம் ஆடிக் காற்றில் சாய்ந்தபோது, ஊரில் ஒருத்தரும் விறகுக்குக்கூட அதைத் தொடவில்லை. பேய் பிடித்தவர்களின் உச்சிமுடியை ஆணியில் சுற்றி அடித்த மரம் அது. ஆணி நிற்கிறவரை பேயும் அங்கேயே நிற்கும் என்பது எங்கள் நம்பிக்கை. படவேட்டுப் பெண் ஒருத்தி வந்து, சிற்பம் செய்ய மரத்தைக் கொடுங்கள் என்று வீடு வீடாகச் சம்மதம் கேட்கிறாள் என்றபோது, இவளுக்கு என்ன கிறுக்கா என்றுதான் நினைத்தேன். மற்ற வீட்டில் எல்லாம் உனக்கு மோர் கிடைத்தது. நான் விளக்குமாற்றை எடுத்தேன். அப்புறம் மனசு இறங்கி, மரத்தை எடுத்துக்கொள், என் முடி சுற்றிய ஆணியை மட்டும் பிடுங்காதே, என் பெண் கோகிலா மாசமாக இருக்கிறாள் என்று சொல்லி, அதில் நானே மஞ்சள் நூல் கட்டினேன்.

உங்கள் சென்னைப் பட்டறையில் பிடுங்க வேண்டிய ஆணிக்குத்தான் நூல் கட்டுவார்கள் என்று நான் கண்டேனா? உன்னோடு வேலை செய்யும் குமரேசன் நூலைப் பார்த்து அதைப் பிடுங்கிவிட்டார். நீ திரும்ப அடித்துவிட்டு வாயை மூடிக்கொண்டிருக்கலாம். யார் வந்து பார்க்கப் போகிறார்கள்? ஆனால் நீ பஸ் ஏறி, ஷேர் ஜீப்பில் நசுங்கி, ஆணியையும் முடியையும் மஞ்சள் துணியில் முடிந்துகொண்டு என் வாசலில் வந்து நின்றாய். தப்பு நடந்துவிட்டது அக்கா என்றாய். அன்றைக்கு நான் உன்னைப் பேசிய பேச்சை நாய்கூடக் கேட்டுக்கொண்டு நிற்காது. முடிச்சை மட்டும் வாங்கிக்கொண்டு, ஒரு வாய் தண்ணீர் கொடுக்காமல் அனுப்பினேன். அது இன்னும் என் மனசை அறுக்கிறது. மன்னித்துக்கொள்.

நீ போன மறுநாள், வேறு மரத்தில் அடித்துவிடலாம், பூசாரியிடம் கூட்டிப்போங்கள் என்று எங்கள் வீட்டுக்காரரைப் பிடுங்கி எடுத்தேன். அவர் வேண்டாம் என்றார். அது திரும்பி வந்து கோகிலாவின் வயிற்றில் கை வைத்தால் யார் பொறுப்பு என்று கத்தினேன். மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தவர் வாளியைக் கீழே வைத்தார்.

“அது பேயில்ல வசந்தி. எனக்கு அன்னிக்கே தெரியும். பெத்த புள்ளய மண்ணுல போட்டுட்டு நீ அழுதுக்கினே இருந்த. என்னால பாக்க முடில. அதான் கூட்டிக்கினு போனேன்.”

இருபத்திரண்டு வருஷம் கழித்துச் சொல்கிறார் இந்த மனுஷன். பொய் சொல்வானேன், முதுகில் ரெண்டு வைத்தேன். அவர் நகரவில்லை, நின்றபடியே அழுதார். நானும் உட்கார்ந்து அழுதேன். நிவேதா, ஆணி அடித்த நாளிலிருந்து நான் அழுததே இல்லை. அழுதால் பேய் திரும்பிவிட்டது என்று மறுபடி மரத்துக்கு இழுத்துப்போவார்களே என்று பயம். எங்கள் அம்மா செத்தபோதுகூட வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு நின்றேன். கல் நெஞ்சுக்காரி என்று பெயர் வாங்கினேன். அன்றைக்கு மாடு தண்ணீர் குடித்து முடித்தும் எங்கள் அழுகை முடியவில்லை.

அதோடு பயம் போய்விட்டது என்றும் நினைக்காதே. கோகிலாவுக்கு வலி எடுத்தபோது ஆணியை இடுப்பில் செருகிக்கொண்டுதான் ஜீப்பில் ஏறினேன். மரம் இருந்த வளைவை விட்டு, பாறை ஓரமாகச் சுற்றிப் போகிறவள் நான். அன்றைக்குச் சுற்ற நேரம் எங்கே? அந்த வளைவு வழியாகத்தான் போனோம். நான் கண்ணை மூடவில்லை.

சரி, சேதியைச் சொல்கிறேன். பெண் குழந்தை. தாயும் பிள்ளையும் சுகம். மூக்கு என்னுடையது, கோபமும் என்னுடையதுதான். என்ன கத்து கத்தினாள் தெரியுமா, நர்ஸ் அம்மா காதைப் பொத்திக்கொண்டார். கோகிலாவின் மாமியார் சமாதானப்படுத்த ஓடி வந்தார். கொஞ்ச நேரம் அழட்டும் விடுங்கள் என்று நான் தடுத்துவிட்டேன்.

நீ அனுப்பிய படங்களைக் கோகிலா போனில் காட்டினாள். மரத்தை உள்ளே குடைந்து, ஆள் உட்காரும்படி செய்திருக்கிறாய். வெளியே ஆணித் தலை, உள்ளே பார்த்தால் சுற்றிலும் ஆணி முனை. உட்காருகிறவர்களுக்குப் பயமாக இருக்காதா என்று கேட்டேன். அதற்குத்தானே அப்படிச் செய்திருக்கிறார்கள் அம்மா என்றாள். எனக்குப் புரிந்தது. நான் அப்படித்தான் இருந்தேன். என் ஆணி இருந்த இடத்தில் மட்டும் ஓட்டை. அது வழியாக உள்ளே கொஞ்சம் வெளிச்சம் விழுகிறது. அதை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஓட்டையை அடைக்கவா, ஆணியைத் திரும்ப அடிக்கவா, உங்கள் இஷ்டம் என்று கேட்டிருந்தாய். அடைக்காதே. ஆணியை இந்தப் பார்சலிலேயே வைத்திருக்கிறேன். ஜமுனாமரத்தூர் தபாலாபீஸில் பஞ்சாட்சரம் சார் இன்னாம்மா இது இவ்ளோ கனம் என்று கேட்டார், வீட்டுச் சாமான் என்றேன். இதை அடிக்காமல் மரத்தின் பக்கத்தில் படுக்க வை. முடியை நான் ஓடையில் விட்டுவிட்டேன். கூட இருப்பது கேழ்வரகு மாவும் நம் மலைத் தேனும். குமரேசனுக்கும் கொடு, பாவம், அவரையும் திட்டியிருக்கிறேன்.

உனக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. நீ செய்த தப்புக்கும் நன்றி, அதை ஒளிக்காமல் வந்து சொன்னதற்கும் நன்றி. உன் கை நன்றாக இருக்கட்டும், நீ தொட்டது எல்லாம் துலங்கட்டும்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். மூச்சு விடாத பிள்ளைக்கு எதற்குப் பெயர் என்று அன்றைக்குச் சொல்லிவிட்டார்கள். வயிற்றில் இருக்கும்போதே நான் வைத்திருந்தேன், பூவரசன் என்று. இத்தனை வருஷமாக என் வாய்க்குள்ளேயே கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். வாளியைக் கீழே வைத்த அன்று அவரும் ஒரு தரம் கூப்பிட்டார். வேறு யாரும் அவனைக் கூப்பிட்டதில்லை. கண்காட்சியில் கூட்டம் இல்லாத நேரமாகப் பார்த்து, அந்த ஓட்டையில் வாயை வைத்து, நீயும் ஒரு தரம் கூப்பிடு கண்ணு.

உன் அக்கா,
வசந்தி முனிசாமி