நான் லேபுக்குப் போன அந்தப் புதன்கிழமை

என் கூடப் பொறக்காத தங்கச்சி மலருக்கு,

நீ போய் ஏழு மாசம் ஆகுது. உனக்கு நாலு வரி எழுத இப்பத்தான் நேரம் கெடைச்சிருக்கு, அதுவும் பஸ்ல. அரியலூர்ல வண்டி மாறி ஏறினேன், ஜன்னலோரம் எடம் கெடைச்சுது. பெரம்பலூர் போய்ச் சேர்றவரைக்கும் என்னை யாரும் கூப்பிட மாட்டாங்க.

இதை நாலு பேரு படிக்கட்டும்னுதான் எழுதறேன். என் ஆராய்ச்சி முடிஞ்சா பட்டத்துல என் பேரு வரும். என்னைப் படிக்க வச்ச நாத்தனார் உன் பேரு எதுலயும் வராது.

நான் கல்யாணமாகி திருமானூருக்கு வந்தப்போ அத்தை, உங்கம்மா, உசுரோட இல்ல. மாமாவுக்கு வலது பக்கம் இழுத்துக்கிட்டு ரெண்டு வருஷம் ஆகியிருந்துச்சு. பன்னெண்டாவதோட நின்னுட்டு நீதான் அவரைப் பார்த்துக்கிட்டிருந்தே. உங்கண்ணனுக்கு ரெட்டிபாளையத்து சிமெண்ட் பேக்டரியில ஷிப்ட் வேலை. யாழினி பொறந்த பிறகு, பிஎச்டி சேரணும்னு நான் தயங்கித் தயங்கிச் சொன்னப்போ அவரு யோசிச்சாரு. நீ யோசிக்கவே இல்ல. “நீங்க சேருங்க அண்ணி. நீங்க முடிங்க, அப்புறம் நான் காலேஜ் சேர்றேன்”ன்னே. நானும் சரின்னுட்டேன். அந்த ‘சரி’யை எவ்வளவு சுலபமா சொன்னேன்!

அதுக்கப்புறம் பெரம்பலூர் லேபுக்கு ரெண்டு பஸ், ஒரு பக்கத்துக்கு ரெண்டு மணி நேரத்துக்கு மேல. சுண்ணாம்புக்கல் சுரங்கத்து மண்ணுல வாழற கிருமிகளை எடுத்து, கண்ணாடித் தட்டுல வளர்த்து, குறிச்ச நேரத்துக்கு அளவு எடுக்கற வேலை எனக்கு. ஒரு வேளை தவறினா மொதல்லேர்ந்து ஆரம்பிக்கணும். “வூட்ல ஒரு புள்ள, லேப்ல ஆயிரம் புள்ள, உங்களுக்கு”ன்னு சிரிப்பே. வூட்டுப் புள்ள உன் இடுப்புலதான் வளந்துச்சு.

அந்த வாரம் ஞாயித்துக்கிழமையே உனக்குக் காய்ச்சல். மாத்திரை போட்டுக்கிட்டு சமைச்சே, மாமாவைக் குளிப்பாட்டினே. புதன்கிழமை காலையில தொட்டுப் பார்த்தேன், ஒடம்பு ஜில்லுன்னு இருந்துச்சு. ஆனா நீ சுவத்துல சாஞ்சு உக்காந்திருந்தே. நான் இருந்துடறேன்னு சொன்னேன். “காய்ச்சல்தான் விட்டுடுச்சே அண்ணி. பத்து நாளா வளத்ததை இன்னிக்கு விட்டுட்டா எப்படி? போயிட்டு வாங்க”ன்னே. நான் செருப்பை மாட்டிக்கிட்டுக் கெளம்பிட்டேன்.

காய்ச்சல் எறங்கற நேரம்தான் டெங்குவுல ஆபத்தான நேரம்னு டாக்டர் பின்னால சொன்னாரு. நுண்ணுயிரியல் படிக்கிறவ, மலரு, நானு. எனக்கு அவரு சொல்லணுமா?

லேபுக்குள்ள போனைக் கொண்டு போகக் கூடாது. பையிலேயே இருந்துச்சு. மதியம் வெளிய வந்து பார்த்தா எதிர் வூட்டு ராணிக்காகிட்டேர்ந்து பதினோரு தடவை போன் வந்திருக்கு. நீ கொல்லையில மயங்கி விழுந்து, அவங்க ஆட்டோ வச்சு அரியலூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருந்தாங்க. எல்லாத்தையும் அப்படியே போட்டுட்டு ஓடியாந்தேன். வழி முழுக்க சிமெண்ட் லாரி. பஸ் ஊர்ந்துச்சு. எறங்கி ஓடலாமான்னு தோணுச்சு. ஓடி எங்க போய்ச் சேர்றது?

நான் வந்தப்போ நீ கண்ணு முழிச்சுதான் இருந்தே. கையெல்லாம் சில்லுன்னு இருந்துச்சு. என்னைப் பார்த்ததும் நீ கேட்டது ஒண்ணே ஒண்ணுதான்.

“அளவு எடுத்துட்டீங்களா அண்ணி?”

எடுத்துட்டேன்னு சொன்னேன். எடுக்கல மலரு. காலையில எந்திரம் பழுதாகி, மதியத்துக்கு மேல எடுத்துக்கலாம்னு வச்சிருந்தேன். எதுக்காக என்னை அனுப்பி வச்சியோ அதையும் நான் செய்யல. உனக்குச் சொன்ன கடைசி வார்த்தையே பொய். மறுநாள் விடியறதுக்குள்ள நீ போயிட்டே.

வூட்டு நெலமையைச் சொல்றேன். மாமா என்னைத் தொட விடமாட்டேங்கறாரு. மருமக தன்னைக் கழுவி விடறதுல அவருக்குக் கூச்சம். நான் கிட்டப் போனா சுவத்துப் பக்கம் திரும்பிக்கறாரு. உங்கண்ணன் ஷிப்ட் முடிஞ்சு வர்றவரைக்கும் ஈரத்துணியோடவே கெடக்காரு. நான் வாசப்படியில நிக்கறேன். வேற என்ன செய்யட்டும், நீயே சொல்லு. வாரத்துல மூணு நாள்தான் லேபுக்குப் போக முடியுது. மறுபடி வளத்த தட்டு ரெண்டு தடவை கெட்டுப்போச்சு. எங்க கைடு மேடம் திட்டல. “ஏதாவது ஒரு முடிவுக்கு வாம்மா”ன்னாங்க. விட்டுட்டா நீ விட்டுக்குடுத்ததுக்கு அர்த்தம் இல்லாமப் போயிடும். தொடர்ந்தா அங்க ஒரு மனுசன் நனைஞ்சு கெடக்காரு. நானும் ஏழு மாசமா பஸ்ல ஏறிக்கிட்டும் எறங்கிக்கிட்டும்தான் இருக்கேன்.

போன வாரம் பால்வாடி டீச்சர் என்னைக் கூப்பிட்டு, யாழினி உன்னைப் பத்தியே பேசறான்னு சொன்னாங்க. அத்தை எங்கன்னு யாராவது கேட்டா “பெரம்பலூரு போயிருக்காங்க”ங்கறாளாம். வூட்டைவிட்டுப் போறவங்க எல்லாம் அங்கதான் போவாங்க, சாயங்காலம் திரும்பிடுவாங்கன்னு அவ நெனப்பு. இன்னிக்குக் கெளம்பறப்போ என் முந்தானையைப் புடிச்சு, “அத்தையைப் பார்த்தா வரச் சொல்லும்மா”ன்னா. சரின்னு சொல்லிட்டு வந்து பஸ் ஏறினேன்.

படிப்பை முடிச்சுடுவேன்னு உனக்கு வாக்குக் குடுக்கத்தான் நோட்டை எடுத்தேன். குடுக்க முடியல, மன்னிச்சுடு. குடுக்க முடிஞ்சது ஒண்ணுதான். இந்த ஞாயித்துக்கிழமை அவளை மடியில உக்கார வச்சு, பெரம்பலூர்ல நீ இல்லைங்கறதை என் வாயாலயே சொல்றேன். அவ அழுது முடிக்கறவரைக்கும் எங்கேயும் எந்திரிச்சுப் போக மாட்டேன்.

உன்னை வூட்ல விட்டுட்டுப் போன
உன் அண்ணி,
செல்வி